மீன் தொட்டிக்குக் கரிப் பை எதற்கு?

பேரன் பேத்தி இருக்கும் வீட்டில் இப்போது மீன் தொட்டியும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து வீடுகளில் பார்த்துவிட்டேன். தொட்டி வாங்கினால் ஃபில்டர், ஃபில்டர் வாங்கினால் கூடவே கறுப்பாக ஒரு சின்னப் பை. "ஆக்டிவேட்டட் கார்பன் சார், மாசம் ஒண்ணு மாத்திருங்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பார் கடைக்காரர். அதை எப்போதும் போட்டுவைக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். வாத்தியார் புத்தி போகவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கார்பன் என்று விற்பதில் பெரும்பகுதி நம் தேங்காய்ச் சிரட்டைதான். சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியின் மேல் 800, 900 டிகிரி சூட்டில் நீராவியைச் செலுத்தினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் விழும். ஒரு கிராம் கரியில் உள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர்! கொங்கு நாட்டில் இதற்கு ஆலைகள் இருக்கின்றன. தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்கும் போகிறது. முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குள் அடைத்ததும் இந்த வகைக் கரிதான். தேய்ப்புப் பெட்டிக்குப் போடும் சிரட்டைக்கரி வேறு. சிக்கனம் பார்த்து அதை நொறுக்கித் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அதில் துளையும் குறைவு, சாம்பல் தண்ணீரின் காரத்தன்மையையும் ஏற்றிவிடும்.

பாடப் புத்தகத்தில் இதற்குப் பரப்பு கவர்தல் என்று பெயர். நீரில் கரைந்த நிறம், வாடை, குளோரின், மருந்து ஆகியவற்றைக் கரி தன் சுவரில் ஒட்டவைத்துக்கொள்ளும். ஆனால் மீனைக் கொல்லும் அம்மோனியா அதில் ஒட்டுவதில்லை. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவை மாற்றுவது ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறும் பாக்டீரியாக்கள்தான். புதுத் தொட்டியில் அவை பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை விட்டுவிட்டு, கார்பன்தான் இருக்கே என்று தைரியமாக இருந்தால், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மீன் செத்து மிதக்கும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசி அலசி வெளுக்க வைப்பவர்களும் உண்டு. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

போன வருஷம் பக்கத்துத் தெரு நண்பர் வீட்டு மீன்களுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மெத்திலீன் ப்ளூ வாங்கி ஊற்றினார். ராத்திரி நீலமாக இருந்த தண்ணீர் விடிந்து பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது. கடையில் கேட்டதற்கு இன்னும் ஊற்றச் சொன்னார்களாம். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். ஃபில்டரைத் திறக்கச் சொன்னேன். கரிப் பை! மருந்தெல்லாம் அதற்குள்ளே. பையை எடுத்த பிறகு நீலம் நின்றது. அதற்குள் நாலு மீன் போய்விட்டது, பேத்தி ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சிகிச்சை முடிந்ததும் புதுக் கரி போட்டு மிச்ச மருந்தை எடுத்தோம். கரி செய்ய வேண்டிய வேலை அதுதான்.

தொட்டிக்குள் போட்ட மரத்துண்டிலிருந்து தண்ணீர் டீ மாதிரி ஆகிவிட்டால், அந்த நிறம் பிடிக்காதவர்கள் கொஞ்ச நாளைக்குப் போடலாம். ஃபைட்டர் மீனுக்கு நல்லது என்று வாதாம் இலையைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே கரிப் பையையும் தொங்கவிடுகிறவர்களை என்ன சொல்வது? இலை விடும் சாற்றைக் கரி எடுத்துவிடுகிறது. சில வாரத்தில் துளை நிரம்பிவிட்டால் கரி வெறும் கல்தான். வெயிலில் காயவைத்தால் பழையபடி ஆகாது, அதற்கு ஆலைச் சூடு வேண்டும்.

தாமிரபரணிக்கே உரிய ஒரு கெண்டை இனம் உண்டு. 1954-இல் சைலஸ் என்ற விஞ்ஞானி நம் ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். அதற்கு யார் கரி போட்டார்கள்? ஆற்றில் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, வாளியில் ஒரு நாள் திறந்துவைத்த குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். பேரப்பிள்ளைகள் கெஞ்சினாலும் சரி. எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். மருந்து போட்ட தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்.