வீடியோ எடிட்டிங் வேலை: திண்டுக்கல்லில் இருந்தே சம்பாதிக்க முடியுமா?

கடந்த பிப்ரவரி 1-ம் தேதி மத்திய பட்ஜெட்டை தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், நாடு முழுவதும் 15,000 பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் ‘கன்டென்ட் கிரியேட்டர் லேப்’ அமைக்கப்படும் என்றார். 2030-க்குள் இந்தத் துறைக்கு 20 லட்சம் பேர் தேவைப்படுவார்கள் என்ற மதிப்பீட்டையும் சொன்னார்.

இந்த எண் இனி பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் அடிக்கடி வரும். திண்டுக்கல் மாதிரி ஊரில் பிளஸ் டூ முடித்த ஒரு பையனோ பெண்ணோ அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் நகையை அடகு வைத்து கோர்ஸில் சேரும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த 20 லட்சம் யாருக்கு?

பட்ஜெட் பேசியது அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் ஆகிய நான்கு பிரிவுகளைப் பற்றி. யூடியூப் வீடியோவை வெட்டி ஒட்டும் எடிட்டிங் வேலை இதற்குப் பக்கத்து வீடுதான். அதே வீடு அல்ல. அந்த எண்ணை அப்படியே ‘எடிட்டர் வேலைவாய்ப்பு’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதற்காக எடிட்டர்களுக்கு வேலையே இல்லை என்று அர்த்தமில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில வாரங்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. ஜவுளிக்கடை, நகைக்கடை, பிரியாணிக் கடை என எல்லோருக்கும் வாரத்துக்கு நாலு ரீல்ஸ் வேண்டும் என்ற நிலை அப்போது உருவானதுதான். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் இருந்து இயங்கும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. சென்னைக்குப் போகாமலும் ஜெயிக்கலாம் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இது. ஆனால் சேனல் நடத்துவது வேறு. அடுத்தவர் சேனலுக்கு எடிட் செய்து சம்பளம் வாங்குவது வேறு.

உள்ளூரில் என்ன வேலை இருக்கிறது?

திண்டுக்கல் சமவெளியில் எடிட்டருக்கு நிரந்தரமாக வேலை கொடுப்பது சினிமா இல்லை, விசேஷ வீடுகள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா, ஊர்க் கும்பாபிஷேகம் என்று பட்டியல் நீளம்.

இதில் உள்ளூர்க்காரருக்கு ஒரு சாதகம் உண்டு. 4கே தரத்தில், விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் ஒரு மணி நேரக் காட்சி சுமார் 45 ஜிபி இடம் பிடிக்கும். இரண்டு கேமராவில் தலா 6 மணி நேரம் எடுத்தால் 540 ஜிபி. 50 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் உள்ள இணைப்பில் இதை அனுப்ப ஒரு முழு நாள் ஆகும். அதனால்தான் கல்யாண ஃபுட்டேஜ் இன்னமும் ஹார்ட் டிஸ்க்கில், டூவீலரில் போகிறது. ஒட்டன்சத்திரத்து ஸ்டூடியோக்காரருக்கு பெங்களூரு எடிட்டரைவிட பக்கத்துத் தெரு எடிட்டர் வசதி.

பாதகமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. தையில் தூங்க நேரமிருக்காது. ஆடியில் இஎம்ஐ கட்டப் பணமிருக்காது. விசேஷ வேலையை மட்டும் நம்பினால் வருமானம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் கடை ரீல்ஸ், யூடியூப் சேனல், கோச்சிங் சென்டர் வீடியோ போன்ற மாதாந்திர வேலைகள் தேவைப்படுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால்?

ஒரு மணி நேர ஃபுட்டேஜில் இருந்து 10 நிமிட வீடியோ என்று வைத்துக்கொள்வோம். பார்க்க ஒரு மணி நேரம், வெட்டி அடுக்க மூன்று, சப்டைட்டிலும் எழுத்துகளும் சேர்க்க இரண்டு, ஒலியும் நிறமும் சரிசெய்ய ஒன்று, ‘ப்ரோ, ஒரு சின்ன கரெக்‌ஷன்’ என்று வருபவற்றுக்கு இரண்டு. மொத்தம் 9 மணி நேரம். இதற்கு 1,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் மணிக்கு சுமார் 166 ரூபாய். கரன்ட், இணையம், லேப்டாப் தேய்மானம் எல்லாம் இதற்குள்தான்.

ரேட் பேசும்போது பலர் வீடியோவின் நீளத்தை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஃபுட்டேஜின் நீளத்தையும் திருத்தங்களின் எண்ணிக்கையையும். ‘இரண்டு திருத்தம் வரை இலவசம், மூன்றாவதிலிருந்து கட்டணம்’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பின்னால் அதுதான் ஆதாரம்.

காசு தராமல் இழுத்தடித்தால்?

ஃப்ரீலான்ஸ் எடிட்டர்களின் பெரிய தலைவலி இதுதான். பலருக்கும் தெரியாத ஒரு வழி சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்தால், தனி ஆளாக வேலை செய்யும் எடிட்டரும் ‘குறு நிறுவனம்’ ஆகிவிடுகிறார். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்து வைப்பதுதான் பாதுகாப்பு.

ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, உள்ளூர் சேவை வேலைக்கு பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கம்பெனிகள் டிடிஎஸ் பிடித்திருந்தால், கட்ட வேண்டிய வரிக்கு மேல் பிடித்ததை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். லேப்டாப் வாங்க முத்ரா திட்டத்தில் 50,000 வரை ‘சிசு’, 5 லட்சம் வரை ‘கிஷோர்’ பிரிவில் கடன் கேட்கலாம்.

எங்கே படிப்பது?

சினிமாதான் இலக்கு என்றால், சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எடிட்டிங் பட்டப்படிப்பு இருக்கிறது. டிகிரி முடித்தவர்களுக்கு புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகள் உள்ளன.

படிப்பு மட்டுமே வழியும் இல்லை. பலமுறை தேசிய விருது வாங்கிய எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத் படித்தது இலக்கியம். தொழிலைக் கற்றது எடிட்டரான தன் அப்பாவிடம்.

கல்யாணம், யூடியூப் பக்கம் போகிறவர் தொடங்க லட்சங்கள் தேவையில்லை. டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும். மூன்று மாதம் அதில் உட்கார்ந்து, சொந்தமாக ஐந்து வீடியோ முடித்த பிறகு, எது வரவில்லையோ அதற்கு மட்டும் பணம் கட்டிப் படிக்கலாம். கோர்ஸ் முடித்த சான்றிதழை ஸ்டூடியோக்காரர் கேட்க மாட்டார். ‘பண்ணின வேலையைக் காட்டு’ என்றுதான் கேட்பார்.

ஏஐ வந்தால் எல்லாம் போய்விடுமா?

ஒரு பகுதி போய்விடும், போகவும் தொடங்கிவிட்டது. பேசும் இடைவெளிகளை வெட்டுவது, சப்டைட்டில் போடுவது, பேச்சை எழுத்தாக்கி அந்த எழுத்தை அழித்தால் காட்சியும் அழிவது என்று பிரீமியர், டாவின்சி இரண்டிலும் வசதிகள் வந்துவிட்டன. இதை மட்டும் தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் ஆபத்து.

இது திண்டுக்கல்லுக்குப் புதிய கதை இல்லை. கையால் செய்யும் பூட்டுக்குப் பெயர் வாங்கிய ஊர் இது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே அலிகாரின் மெஷின் பூட்டுகள் விலையில் அடித்துவிட்டன. சாதாரணப் பூட்டில் போட்டி போட்டவர்கள் தோற்றார்கள். இன்னும் தொழிலில் நிற்பவர்கள், கோயில் கதவு மாதிரி அளவெடுத்துச் செய்ய வேண்டிய வேலையைப் பிடித்தவர்கள்.

சினிமாவிலும் இதுதான் நடந்தது. 1994-ல் வெளியான ‘மகாநதி’, ஆவிட் கம்ப்யூட்டரில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. அதன் பிறகு ஃபிலிமை வெட்டி ஒட்டும் கைவேலை மெல்ல மறைந்தது. எந்த முகத்தை எத்தனை விநாடி காட்டுவது என்று முடிவெடுக்கும் வேலை மறையவில்லை.

ஒரு கல்யாண வீடியோவில் பெண்ணின் அப்பா ஓரமாக நின்று கண்ணைத் துடைக்கும் மூன்று விநாடி இருக்கும். அது யார், அதை ஏன் வைக்க வேண்டும் என்று அந்த வீட்டாரிடம் பேசிய எடிட்டருக்குத்தான் தெரியும். டெம்ப்ளேட்டுக்குத் தெரியாது.

அப்போ, இறங்கலாமா?

இறங்கலாம், ஆனால் கடன் வாங்கிக்கொண்டு அல்ல. ஆறு மாதச் செலவுக்கு வேறு வழி இருக்கிறதா, மாதாமாதம் வேலை தரும் இரண்டு வாடிக்கையாளர்களாவது கைவசம் இருக்கிறார்களா? இந்த இரண்டு கேள்விக்கும் ‘ஆமாம்’ என்றால் தைரியமாக இறங்கலாம். இல்லையென்றால், பார்க்கிற வேலையை விடாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கலாம். அடுத்த ஆடி மாதத்தைத் தாண்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.