வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எஜமானன் யார்?

புதுச்சேரியில் ஒருவர் தம் பணத்தைக் கொடுத்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் அது அவருக்கே சொந்தம் என்று நினைக்கிறோம். உண்மை என்ன? விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திற்று. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஒரு வருஷ வாய்தா! விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டுமாம். இல்லாத பழைய மெஷின் தள்ளுபடியாம். ஓடுகிற மெஷினைச் செத்ததென்று எங்கோ ஒருவன் தீர்ப்புச் சொல்ல, நாம் கடன் வாங்கிப் புதிது வாங்குவதா? இதைத் தலைவிதியென்று ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

மற்றொரு வழி இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்ததே டெபியன், உபுண்டு, மின்ட் முதலியவை. இவற்றை யாரும் உபயோகிக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அர்த்தம் கேட்கக்கூடாத மந்திரத்துக்குத் தட்சணை கொடுப்பதைக் கண்டிக்கிற நாம், திறந்து பார்க்கக்கூடாத மென்பொருளுக்கு மட்டும் கேள்வியின்றிப் பணம் கட்டுவது எந்தப் பகுத்தறிவு?

"இனாமாகக் கிடைப்பது உருப்படுமா?" என்பார்கள். நம்மூரை ஆண்ட பிரான்சின் ழாந்தார்ம் போலீஸ் படையே உபுண்டுவைத் தனக்கேற்ப மாற்றி 2008 முதல் பல்லாயிரம் மெஷின்களில் நடத்தி வருகிறது. கேரளத்து அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகள் இதிலேயே பாடம் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

ஆனால் லினக்ஸ் என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. சில கணக்கு மென்பொருள்களும், சில விளையாட்டுகளும், சில பிரிண்டர்களும் அதில் சரியாக ஓடா. ஆகவே சோதித்துப் பாருங்கள். ஒரு பென் டிரைவில் ஏற்றி, மெஷினில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். தமிழில் தட்டச்சு வருகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, வைபை எடுக்கிறதா என்று பாருங்கள். திருப்தியானால், போட்டோக்களையும் பத்திரங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பிறகே மாற்றுங்கள்.

துணைக்கு ஆளில்லையென்ற சாக்கும் செல்லாது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கத்து வாலிபர்கள் இருக்கிறார்கள். பக்கத்து விழுப்புரத்திலோ 2023 ஜனவரியில் டெபியன் மாநாடே நடந்தது. போய்க் கேளுங்கள், கற்றதை அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள். காசு மிச்சமாவது சிறிய லாபம். நம் வீட்டு மெஷினுக்குள் என்ன நடக்கிறதென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டென்று உணர்வதே பெரிய லாபம்.