பாடம் சொல்பவர் ஒருவர். பள்ளியை நடத்துவோர் யார்?

பத்திரிகைத் தொழிலை வீட்டிலிருந்தபடியே கற்கலாம் என்ற விளம்பரங்கள் இன்று நம் கைபேசிக்கு நாள்தோறும் வருகின்றன. கட்டணத்தோடும் உண்டு, கட்டணமின்றியும் உண்டு. ஆறு வாரத்தில் சான்றிதழ் என்கின்றனர் சிலர். நான்கே வாரம் போதும் என்கின்றனர் வேறு சிலர். விளம்பரத்தின் நடுவே புகழ்பெற்ற ஒருவரின் படம் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துச் சேர்கிறோம். அவர் சொல்லும் பாடத்தைக் கேட்கிறோம். ஆனால், அந்தப் பள்ளியை நடத்துவோர் யார், நாம் எழுதி அனுப்புவதைப் படிப்பவர் யார் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தக் கேள்வி இப்போது நம் மன்றத்திற்கும் உரியதாகிவிட்டது. நம் இதழுக்குச் செய்தி எழுத முன்வரும் மாணவர்களுக்கு இணைய வழியாகப் பயிற்சி தர வேண்டும் என்று செயற்குழு எண்ணியிருக்கிறது. நல்ல எண்ணம், மனமார வரவேற்கிறேன். ஆனால், அதற்கென ஒதுக்கிய தொகை முழுவதையும் கொடுத்து, எங்கோ பதிவு செய்த விரிவுரைகளை வாங்கிவிடலாம் என்ற யோசனையும் உடன் எழுந்திருக்கிறது. அதைத்தான் மறுக்கிறேன். விரிவுரை வேண்டாம் என்று சொல்லவில்லை. விரிவுரை மட்டும் பள்ளியாகிவிடாது என்றே சொல்கிறேன்.

தொலைவிலிருந்து கற்பிப்பது இன்று பிறந்த புதுமையன்று. இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல்தலை வந்த 1840ஆம் ஆண்டிலேயே, ஐசக் பிட்மன் தம் சுருக்கெழுத்தை அஞ்சல் வழியே கற்பிக்கத் தொடங்கினார். நிருபர்களின் கைக்கருவியாகப் பின்னாளில் விளங்கிய அதே சுருக்கெழுத்துத்தான். மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்கு அனுப்புவர். அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். மாணவர் பெருகியபோது அவருடைய அன்பர்கள் சங்கமாகக் கூடி, திருத்தும் பணியைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டனர். பாடப் புத்தகத்தைக் கடையில் எவரும் வாங்கலாம். பிட்மன் கொடுத்தது புத்தகத்திற்கு மேலான ஒன்று. திருத்திய தாள் திரும்பி வந்ததே, அதுதான் பள்ளி!

நம் நாட்டிலும் இதுவே வழக்கம். 1962இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அச்சிட்ட பாடம் மாணவனை நாடிச் செல்லும். அவன் எழுதிய விடை ஆசிரியரை நாடி வரும். இரு திசையிலும் தபால் நடந்ததனால்தான் அதைக் கல்வி என்றோம். ஒரு திசையில் மட்டும் நடப்பது புத்தக வியாபாரம்.

பத்திரிகைத் தொழிலுக்கு இது இன்னும் பொருந்தும். பாரதியார் 1904இல் 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில் உதவி ஆசிரியராக அமர்ந்தபோது பத்திரிகைக் கல்லூரி எதிலும் படித்துவிட்டு வரவில்லை. ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது அவருக்கு வாய்த்த வேலை. மேலே ஜி. சுப்பிரமணிய ஐயர் என்ற தேர்ந்த ஆசிரியர் இருந்தார். எழுதுபவன் ஒருவன், அதைப் படித்துப் பார்க்கும் மூத்தவர் ஒருவர்: இந்த உறவிலேதான் இத்தொழில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருக்கிறது. இணையம் வந்த பின் அந்த மூத்தவரின் நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார்?

உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில், ஆஸ்டின் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், நைட் நிறுவனத்தின் கொடையைக் கொண்டு 2002இல் ஒரு பத்திரிகைப் பயிற்சி நிலையம் அமைந்தது. அதை நிறுவியவர் ரோசன்டால் கால்மன் ஆல்வெஸ் என்னும் பிரேசில் நாட்டுப் பத்திரிகையாளர். லத்தீன் அமெரிக்க, கரீபியப் பத்திரிகையாளர்களுக்கு உதவுவதே முதல் நோக்கம். நிலையம் தோன்றிய சில காலத்திலேயே இணையவழிப் பாடங்கள் தொடங்கின. 2012இன் இறுதியில் அவர்கள் முதன்முறையாகப் பெருந்திரள் பாடம் ஒன்றை நடத்தினார்கள். செய்தியைப் படமாகவும் வரைபடமாகவும் தருவது எப்படி என்பது பொருள். ஆசிரியர் ஆல்பெர்ட்டோ கெய்ரோ என்ற ஸ்பானியர். காலம் ஆறு வாரம். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 2,000 பேர் சேர்ந்தனர்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 2,000 மாணவரும் ஆளுக்கு ஒரே ஒரு பயிற்சியை எழுதி அனுப்புவதாகக் கொள்வோம். ஒன்றைப் படித்துக் குறிப்பு எழுதப் பத்து நிமிடம். ஆக 20,000 நிமிடம். அதாவது 333 மணி. நாளுக்கு எட்டு மணி நேரம், ஞாயிறும் ஓயாமல் ஒருவர் உழைத்தால் 41 நாள் முடிந்து 42ஆம் நாளும் தொடும். ஆறு வாரப் பாடத்தின் மொத்த நாளே 42! ஒரு பயிற்சிக்கே ஒரு முழு மனிதரின் முழுக் காலமும் போய்விடுகிறது. படத்தில் தோன்றும் ஆசிரியர், அவர் எவ்வளவு பெரியவராயினும், தனி ஒருவராக இதைச் செய்ய இயலாது. அதனால்தான் இத்தகைய பாடங்களில் இயந்திரமே மதிப்பெண் இடும் வினாக்களும், மாணவரே மாணவரைத் திருத்தும் முறையும் வந்து சேர்கின்றன. அவற்றிற்கும் அப்பால் எஞ்சுவதைத் துணையாசிரியர்களும், ஐயங்களுக்கு விடை எழுதுவோரும், பாடத்தை வாரவாரமாகப் பகுத்து அமைப்போரும், கடவுச்சொல்லை மறந்தவருக்கு நள்ளிரவில் வழிகாட்டுவோரும் தாங்க வேண்டியிருக்கிறது. சுவரொட்டியில் இவர்கள் படம் வருவதில்லை.

இவர்கள் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகிய இரு பெரும் நிலையங்கள் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து, 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. 2017-18இல் அப்பாடங்களில் சேர்ந்தவர்களுள் முடித்தவர்கள் நூற்றுக்கு மூவரே என்றது அக்கட்டுரை. காரணம் பல உண்டு. எட்டிப் பார்க்க வந்தவரும் அந்தக் கணக்கில் அடக்கம். ஆயினும், புகழிலும் பொருளிலும் ஓங்கிய இரு பல்கலைக்கழகங்களின் பாடத்திற்கே இதுதான் நிலை என்றால், நல்ல விரிவுரை மட்டும் மாணவனைக் கட்டி வைக்காது என்பது விளங்கவில்லையா? தான் எழுதியதை ஒருவர் படிக்கக் காத்திருக்கிறார் என்று தெரிந்தவன் மறுநாளும் எழுதுவான்.

இனி மொழிபெயர்ப்பாளரைப் பற்றி. 2020 மே மாதம், கொரோனா உலகை உலுக்கிய வேளையில், அதே டெக்சாஸ் நிலையம் யுனெஸ்கோவின் துணையோடும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடும் கொள்ளைநோய்ச் செய்தி எழுதுவது பற்றி ஒரு பாடம் நடத்திற்று. மருத்துவச் செய்திகளில் தேர்ந்த மேரின் மெக்கென்னா அதன் தலைமை ஆசிரியர். ஆங்கிலத்தோடு ஸ்பானியம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு மொழிகளிலும் பாடம் சென்றது; ஏறத்தாழ 9,000 பேர் சேர்ந்தனர். அந்த ஒவ்வொரு மொழிக்குப் பின்னாலும் ஆள் நின்றிருக்க வேண்டும். அந்த ஆளுக்கு மொழி மட்டும் தெரிந்தால் போதுமா? போதாது என்பதற்கு அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒரு சான்று தருகிறேன்.

அதே ஆண்டின் இறுதியில் ஒரு தடுப்பூசியின் செயல்திறன் நூற்றுக்கு 95 என்று அறிவிக்கப்பட்டது. அப்படியானால் ஊசி போட்ட நூறு பேரில் ஐவருக்கு நோய் வரும் என்று பலர் பொருள் கொண்டனர். அது தவறு. பைசர் நிறுவனத்தின் அந்தச் சோதனையில் சுமார் 43,000 பேர் பங்குகொண்டனர். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மெய்யான ஊசி. மற்றப் பாதிக்கு வெறும் ஊசி. நோயுற்றோர் மொத்தம் 170 பேர். அவர்களில் 162 பேர் வெறும் ஊசி பெற்றவர்கள். 8 பேர்தாம் மெய்யூசி பெற்றவர்கள். 162க்கு எதிரே 8 என்ற இந்த ஒப்பீட்டிலிருந்தே 95 பிறந்தது. இதை அறியாதவர் பாடத்தை மொழிபெயர்த்தால், சொல்லெல்லாம் சரியாக இருக்கும். பொருள் மட்டும் தலைகீழாகும். அந்தப் பாடத்தைக் கற்ற நிருபர் எழுதும் செய்தியை ஊரே படிக்கும். பரிசோதனை முடிவு 'பாசிட்டிவ்' என்றதும் நல்ல செய்தி என மகிழ்ந்தவர்கள் நம் ஊர்களில் இல்லையா? பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளரின் மேசையில் உயிர்கள் இருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

"இதற்கெல்லாம் ஆள் எதற்கு? செயற்கை நுண்ணறிவு திருத்தித் தருமே!" என்பர் நம்மில் சிலர். ஒற்றுப்பிழையை அது காட்டும், நீண்ட வாக்கியத்தை வெட்டித் தரும், மறுக்கவில்லை. ஆனால், நம் மாணவர் ஒருவர் இந்நகரத்துத் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்க் குடிநீர்க் குறையை எழுதி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேசிய அம்மையாரின் பெயரை அச்சிட்டால் வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொல்வாரா? "மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை" என்றதை இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்தாரா? நகராட்சி அலுவலரின் மறுமொழியைப் பெற்றாரா? தலைப்பு, செய்தி சொல்லாத ஒன்றைச் சொல்கிறதா? இக் கேள்விகளைக் கேட்க அந்தத் தெருவை அறிந்த ஒருவர் வேண்டும். கேட்காமல் விட்டால் பழி ஏற்கவும் ஒருவர் வேண்டும். இயந்திரம் பழி ஏற்காது.

2018இல் கூகிள் நிறுவனம் இந்தியப் பத்திரிகையாளர்க்குச் செய்தி சரிபார்க்கும் பயிற்சியை அறிவித்தபோது அதுவும் ஆளைத்தான் நாடியது. முதலில் பயிற்றுநர் 200 பேரைத் தேர்ந்து பழக்குவது. அவர்களைக் கொண்டு ஆங்கிலத்திலும் ஆறு இந்திய மொழிகளிலும் 8,000 பத்திரிகையாளர்க்குக் கற்பிப்பது: இதுவே திட்டம். பயிற்றுநர் ஒருவருக்கு நாற்பது பேர் ஆகிறது. உலகின் பெரிய கணிப்பொறி நிறுவனத்திற்கே மனிதர் தேவைப்பட்டால், நமக்கு மட்டும் பதிவு செய்த விரிவுரை போதுமா?

"மன்றத்தில் பணம் குறைவு" என்பது இன்னொரு மறுப்பு. பணம் குறைவு என்பதனாலேதான் அதை எங்கே இடுவது என்று பார்க்க வேண்டும். நல்ல விரிவுரைகள் விலையில்லாமலே கிடைக்கின்றன. விலையில்லாமல் கிடைக்காதது திருத்துபவரின் நேரம். இருபது மாணவர், ஆளுக்கு நான்கு செய்தி, ஒன்றைத் திருத்த அரைமணி என்றால் நாற்பது மணி நேர உழைப்பு. இருவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இருபது மணி. இந்நகரத்திலேயே ஓய்வுபெற்ற தமிழ்ப் பத்திரிகையாளர் இருக்கக்கூடும். தமிழகத்தில் பணியாற்றும் நம் பழைய மாணவர் இருக்கக்கூடும். இணையம் இருக்கத் தொலைவு ஒரு தடையா?

ஆகவே, செயற்குழுவின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று, விரிவுரை வாங்கும் முன் திருத்துவோர் இருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டு, அவர்களுக்குச் சிறிதாயினும் ஊதியம் தர வேண்டும். "தமிழ்த் தொண்டு" என்று சொல்லி ஒருவரின் இருபது மணி நேரத்தை இலவசமாகப் பெறுவது தொண்டாகாது. மூன்று, அறிவியல், மருத்துவச் செய்தியை மொழிபெயர்த்தால் அத்துறை மாணவர் ஒருவர் பார்த்த பிறகே அது பாடத்தில் சேர வேண்டும். நான்கு, பாடம் சொன்னவர் பெயரோடு திருத்தியவர், மொழிபெயர்த்தவர், கணினியைக் கவனித்தவர் பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் நம் இதழில் அச்சிட வேண்டும்.

நண்பர்களே! தமிழகத்திற்கு வெளியே படிக்கும் நம்மில் பலர் ஆண்டு முழுவதும் தமிழில் எழுதுவது இவ்விதழ் ஒன்றிற்காகத்தான். ஆய்வேடு ஆங்கிலத்தில், கடைத்தெருவில் வேறு மொழி. இந்தச் சில பக்கங்களில் எழுதிப் பழகும் கை நாளை எங்கே எழுதும் என்று யார் கண்டார்? அந்தக் கையைப் பிடித்துத் திருத்த ஒரு கை வேண்டும். வரும் பொதுக்கூட்டத்தில் இப்பொருள் வாக்கெடுப்புக்கு வரும்போது, வாங்கப்போகும் பாடத்தில் யார் பேசுகிறார் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். நாம் எழுதியதை யார் படிப்பார் என்றும் கேளுங்கள். விடை வரும்வரை பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.