ஆட்சியர் அலுவலக வாசலும் சேரியின் எல்லையும்: பெட்ரோல் விதிகள் யாரைக் காக்கின்றன?

2017 அக்டோபர் 23 அன்று, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு தம்பதியும் அவர்களுடைய இரு பெண் குழந்தைகளும் தீக்கிரையாயினர். அதன் பின்னர், மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வருவோரின் பையைத் திறந்து, மண்ணெண்ணெயோ பெட்ரோலோ இருக்கிறதா என்று காவலர்கள் சோதிப்பது பல மாவட்டங்களில் வழக்கமாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலும் அந்தச் சோதனைக்குத் தப்புவதில்லை. தன் வாசலில் தீப்பற்றிவிடக் கூடாது என்பதில் அரசுக்கு இருக்கும் இந்த விழிப்பு, சேரியின் எல்லையில் என்றேனும் இருந்ததுண்டா?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன, சூறையாடவும்பட்டன. பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டதாகப் பாதிக்கப்பட்ட மக்கள் கூறினர். அத்தனை வீடுகளை எரிப்பதற்கு வெறும் ஆத்திரம் போதாது, எரிபொருள் வேண்டும். அது எங்கோ வாங்கப்பட்டு, எதிலோ நிரப்பப்பட்டு, யாராலோ எடுத்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும்.

இதை ஒழுங்குபடுத்தச் சட்டம் இல்லாமல் இல்லை. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், 23 டிகிரி செல்சியசுக்குக் கீழான வெப்பநிலையிலேயே தீப்பற்றக்கூடிய திரவங்களை 'ஏ' வகுப்பில் வைக்கிறது. பெட்ரோல் அவ்வகுப்பைச் சேர்ந்தது. விற்பனை நோக்கமின்றி 30 லிட்டர் வரை வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்கிறது 8ஆம் பிரிவு. ஆனால் இறுக மூடிய கலத்தில்தான் வைத்திருக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் கலம் எனில் ஒரு லிட்டருக்கும், உலோகக் கலம் எனில் 25 லிட்டருக்கும் மிகாத கொள்ளளவு கொண்டதாக இருத்தல் வேண்டும். அப்பிரிவில் பிளாஸ்டிக்குக்கு இடமே இல்லை. ஆயினும் நம் ஊர்களில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிச் செல்வது அன்றாடக் காட்சி.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பெட்ரோல் குண்டுக்கு உகந்த ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலை, மூடி இறுக்கமாக இருந்தால் போதும், சட்டம் அனுமதிக்கிறது. அச்சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது விபத்து மட்டுமே. வன்கொடுமை அவர்கள் கணக்கில் வரவில்லை.

வன்கொடுமையைக் கணக்கில் கொண்ட சட்டமாவது இதைக் கண்டதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வாழும் வீட்டை அழிக்கும் நோக்கில் தீ வைப்போருக்கு ஆயுள் தண்டனை விதிக்கிறது. அது எரிந்த பிறகு வரும் சட்டம். எரியாமல் தடுக்க 1995ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி இருக்கிறது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும், தேவையெனக் கருதினால் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்ய வேண்டும், சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றெல்லாம் அது பணிக்கிறது. தமிழ்நாட்டில் குடியிருப்புகளை அழித்தது துப்பாக்கியைவிடத் தீயே. அந்த விதியிலோ பெட்ரோல் என்ற சொல்லே இல்லை.

விதியில் சொல் இல்லாததால் ஆட்சியரின் கை கட்டப்பட்டுவிடவில்லை. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுப்பு நடவடிக்கைக்கு அதிகாரம் தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 144ஆம் பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவாக இருக்கிறது. அதன்கீழ் இரண்டு மாதம் வரை தடையாணை பிறப்பிக்கலாம். 2022 செப்டம்பரில் கோவையில் அடுத்தடுத்துப் பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டபோது, பாட்டிலிலும் கேனிலும் பெட்ரோல் விற்கத் தடை விதிக்க நெடுநாள் ஆகவில்லை. சாதி மறுப்புத் திருமணம் ஒன்றால் ஊர் கொதித்துக் கிடக்கும்போது அந்த வேகம் ஏன் வருவதில்லை?

எனினும் நிரந்தரமான முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. பங்க் தொலைவில் இருக்கும் கிராமத்தில் மருந்துத் தெளிப்பானுக்கும் களைவெட்டும் இயந்திரத்துக்கும் பெட்ரோல் வாங்கச் செல்பவர் பெரும்பாலும் கூலித் தொழிலாளியே. தடை போட்டால் முதலில் பிடிபடுவதும் அவர்தான். பதற்றமான பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்கு, வாங்குவோர் பெயரும் அளவும் பதியப்பட்டு, உரிய உலோகக் கலத்தில் மட்டுமே விற்பனை என்ற ஏற்பாடு போதும்.

வழக்கறிஞர் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது புலனாய்வுதான். தீவைப்பு வழக்குகளின் குற்றப்பத்திரிகைகளில் 'பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தனர்' என்ற வாக்கியத்தைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அது எந்த பங்கில், எத்தனை மணிக்கு, எவ்வளவு வாங்கப்பட்டது என்ற கேள்விக்கு அங்கே விடை இருப்பதில்லை. பங்க் ஊழியர் சாட்சியாகச் சேர்க்கப்படுவதில்லை. கண்காணிப்புக் கேமராப் பதிவு அழியும் முன் கைப்பற்றப்படுவதில்லை. இது சிறு குறை அன்று. திடீர் ஆத்திரத்தில் நடந்தது என்பதே எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம். தாக்குதலுக்குச் சில மணி நேரம் முன்பு கேன்களில் பெட்ரோல் வாங்கியதற்கான ஒரு பதிவு, அந்த வாதத்தைப் பெரிதும் பலவீனப்படுத்தி, கூட்டுச்சதியை நிறுவும் சான்றாக நிற்கும். வெடிபொருள் வழக்காகப் பதிந்தாலோ, 1908ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டப்படி மாவட்ட நடுவரின் இசைவின்றி விசாரணையே தொடங்காது. மாவட்ட ஆட்சியரே அந்த நடுவர். அந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று பின்தொடர்வதும் நம் வேலையாகிறது.

மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடியாக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் 3ஆம் விதியின்கீழ் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை, அவற்றைச் சுற்றியுள்ள பங்குகளுக்குச் சில்லறை விற்பனை குறித்து எழுத்துப்பூர்வ அறிவுறுத்தல் ஏதேனும் வழங்கப்பட்டுள்ளதா என்ற இரண்டு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரும் பதிலை அடுத்த குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் வழியாக முன்வைக்கலாம்.