பக்கத்து வீட்டோடு பேச்சு இருக்கிறதா?

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்? 'வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க சார்' என்று சொன்னதெல்லாம் கணக்கில் சேராது. ஒரு காரியமும் இல்லாமல், ஐந்து நிமிஷம் நின்று பேசியது எப்போது?

சித்த வைத்தியர் எழுதுகிற பக்கத்தில் இதென்ன கேள்வி என்று புரட்டிவிடாதீர்கள். விஷயம் இருக்கிறது.

'டாக்டர், இயற்கையோட ஒட்டி வாழணும்னு ஆசை. என்ன பண்ணலாம்?' என்று இப்போதெல்லாம் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போதே வீட்டில் செம்புக் குடம், செக்கு எண்ணெய், கம்பு, கேழ்வரகு, மூங்கிலில் செய்த டூத் பிரஷ் எல்லாம் வந்திருக்கும். நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவையெல்லாம் உங்கள் வாசற்படியோடு நின்றுவிடுகிற சமாசாரம். நீங்கள் இழுக்கிற மூச்சுக்கும், உங்களைக் கடிக்கிற கொசுவுக்கும் காம்பவுண்டு சுவர் தெரியுமா? அதனால்தான் நான் பக்கத்து வீட்டில் ஆரம்பிக்கிறேன்.

எங்கள் மானாம்பதிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எட்டு வயசுப் பையனைக் கூட்டி வந்தார்கள். இளைப்பு. தயிர் நிறுத்தியாச்சு, வாழைப்பழம் நிறுத்தியாச்சு, தலைக்குக் குளிப்பது கூட வாரம் ஒரு முறைதான். அப்படியும் காலையில் பையன் 'கர்... கர்...' என்று இழுக்கிறான். 'எத்தனை மணிக்கும்மா?' என்று கேட்டேன். 'ஏழு, ஏழரைக்கு சார். ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் லேட்டா வருது.'

ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தாமதமாக வருகிற கபம் எந்த ஏட்டிலும் கிடையாது! தோண்டித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டில் காலையில் வாசல் கூட்டிய குப்பையைக் கொளுத்துகிறார்கள். சருகு மட்டுமல்ல; பால் கவர், கேரி பேக், பழைய செருப்பு, எல்லாமும்தான். புகை நேராகப் பையன் படுக்கிற ஜன்னலுக்கு வருகிறது. 'சொல்லிப் பார்க்கலாமே?' என்றேன். 'பேச்சு இல்லீங்க. ரெண்டு வருஷமாச்சு' என்றார்கள். காரணம் என்ன தெரியுமா? சுவருக்கு மேலே சாய்ந்த ஒரு முருங்கைக் கிளை. அதை யார் வெட்டுவது என்று வந்த சண்டை.

முருங்கை, ஆஸ்துமாவுக்குக் காரணமாகி விட்டது பாருங்கள்.

பையனுக்கு மருந்து கொடுத்தேன். ஆங்கில மருத்துவர் தந்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். (இளைப்புள்ள பிள்ளைக்குத் தானாக இன்ஹேலரை நிறுத்துகிற வீரத்தை எந்தப் பெற்றோரும் காட்ட வேண்டாம்.) ஆனால் முக்கியமான மருந்து, அந்த அம்மா போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதுதான். 'குழந்தைக்கு இழுக்குதுக்கா, அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் கொளுத்தாதீங்க' என்று கேட்டிருக்கிறார்கள். 'ஐயையோ, எனக்குத் தெரியாதே! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?' என்றார்களாம் அந்தப் பாட்டியம்மா. பையனுக்கு இளைப்பு அடியோடு போய்விடவில்லை. பனிக்காலத்தில் இன்னும் வருகிறது. தினமும் காலையில் வந்தது நின்றது.

சாதாரணச் சருகுப் புகையே நுரையீரலுக்கு ஆகாது. பிவிசி போன்ற பிளாஸ்டிக் கலந்து எரிந்தால் டையாக்ஸின் என்கிற நச்சு உண்டாகிறது. அது உடம்புக் கொழுப்பில் தங்கி, வருஷக் கணக்கில் போகாது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள்; உடம்பின் எடைக்குப் பார்த்தால் அவர்கள் உள்ளே இழுக்கும் புகையும் அதிகம். தெருவில் குப்பை கொளுத்துவதை 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடை செய்துவிட்டன. அதே வருஷம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் என்றும் உத்தரவு போட்டது. ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டிப் பாருங்கள், மறுநாள் ராத்திரி பத்து மணிக்குக் கொளுத்துவார்கள்! பேச்சு இருக்கிற வீட்டில் ஒரு வார்த்தை போதும். பேச்சு இல்லாத இடத்தில் போலீஸே வந்தாலும் புகை நிற்காது என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பேச்சு எப்போது அறுந்தது? வேலி போய்ச் சுவர் வந்தபோது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டு வீட்டுக்கு நடுவே கிளுவை, ஆடாதொடை, நொச்சி என்று உயிர்வேலிதான் இருக்கும். ஆடு தொடாது என்பதால் ஆடாதொடை வேலிக்கு ரொம்ப வசதி. அதன்மேல் தூதுவளை, முடக்கத்தான், கோவைக்கொடி ஏறியிருக்கும். அடியில் பிரண்டை படர்ந்து கிடக்கும். வேலி யாருக்குச் சொந்தம்? இரண்டு வீட்டுக்கும்தான். இந்தப் பக்கத்து அம்மா தூதுவளை பறிக்கும்போது அந்தப் பக்கத்து அம்மா, 'யாருக்கு இருமல்? மாமாவுக்கா?' என்று கேட்பார். யார் வீட்டில் என்ன உபாதை என்பது வேலிக்கே தெரியும். ஒரு தெருவின் மருந்துக் கடையும் அதுதான், வெளிநோயாளர் பிரிவும் அதுதான்!

ஆறடிச் சுவர் எழுப்பினோம். வேலி போயிற்று, விசாரிப்பும் போயிற்று. இப்போது அதே தூதுவளையைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்ததைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு மூலிகைகளை வேரோடு, பூவோடு, காயோடு காட்டி அடையாளம் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் பாதி, எங்கள் பாட்டிமார் வேலியில் பறித்தவைதான்.

மூலிகை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடாதொடைக் குடிநீர் சளி இருமலுக்கு நல்லது, கர்ப்பிணிகளுக்குக் கூடாது. நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது தலைபாரத்துக்குச் சுகம் தரும். சின்னக் குழந்தைகளைக் கொதிக்கிற பாத்திரத்தருகே விடாதீர்கள். நொச்சி இலையைப் புகை போட்டுக் கொசு விரட்டுகிற வழக்கமும் உண்டு. இளைப்பு உள்ள வீட்டில் அதுவும் வேண்டாம். மூலிகைப் புகையும் புகைதானே?

கொசு என்றதும் நினைவு வருகிறது. 2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீர் எல்லார் வாயிலும் கசந்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சந்தனத்தூள், சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. நான் கொடுக்கிற மருந்துதான், மரியாதை உண்டு. ஆனால் அதைக் குடித்தால் கொசு சாகாது! டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை வைக்கும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அது பறக்கிற தூரமும் சில நூறு மீட்டருக்குள்தான். அப்படியென்றால் உங்களைக் கடித்த கொசு எங்கே பிறந்தது? உங்கள் வீட்டில், இல்லையேல் நாலு வீடு தள்ளி மொட்டைமாடியில் கிடக்கிற பழைய டயரில். நீங்கள் மட்டும் வாரம் ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி என்ன பயன்? தெருவே ஒரே நாளில் கழுவ வேண்டும். அதற்குத் தெருவோடு பேச்சு இருக்க வேண்டும்.

பொதுக் காரியத்துக்கு ஆள் வைத்துக் கவனிப்பது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு கி.பி. 919, 921. பள்ளிக்கூடத்தில் 'குடவோலை முறை' என்று எல்லாரும் படித்திருப்பீர்கள். ஓலை எடுத்த கதையோடு பாடம் முடிந்துவிடும். எதற்காக ஆள் எடுத்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யம். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, அதிலிருந்து தேர்ந்தெடுத்து, ஆட்டை வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஏரியும் தோட்டமும் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விடவில்லை பாருங்கள்!

அதற்காக அந்தக் காலத்தில் எல்லாமே பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்தவர் பெயரும், பெண்கள் பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. இன்று எல்லாருக்கும் ஓட்டு இருக்கிறது, கிராமசபையில் எழுந்து கேட்க உரிமை இருக்கிறது. ஏரியைக் கேட்கத்தான் ஆளைக் காணோம்.

பிரயாணத்திலும் இதே கதைதான். நான் படிக்கப் போன நாளில் செங்கல்பட்டில் ரயில் ஏறினால், கூஜாவில் தண்ணீர், வாழை இலையில் புளிச்சோறு. எதிர் சீட்டுக்காரர் எலுமிச்சைச் சோறு கொண்டு வந்திருப்பார். பாதி பாதி மாறிக்கொள்வோம். இறங்கும்போது குப்பை என்று மிஞ்சுவது ஓர் இலை. இப்போது ஆளுக்கொரு பாட்டில், ஆளுக்கொரு பொட்டலம், ஆளுக்கொரு போன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. அப்படியும் கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதை என் கண்ணால் பார்க்கிறேன். கோயில் குளத்துக்கு வேன் வைத்துப் போகிற குடும்பங்கள் ஒரு தூக்கு, ஒரு குடம் கூடவே எடுத்துப் போனால் என்ன கஷ்டம், சொல்லுங்கள்?

சரி, பேச்சு அறுந்த வீட்டோடு எப்படித் தொடங்குவது? ஐப்பசியில் மழை பிடித்ததும் ஒரு நொச்சிக் குச்சி வாங்குங்கள். கட்டைவிரல் பருமன், ஒரு முழ நீளம். கணு இருக்க வேண்டும். இரண்டு குச்சியாக வாங்குங்கள். ஒன்றை உங்கள் சுவரோரம் நட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போங்கள். 'கொசுவுக்கு நல்லதாம், உங்க பக்கமும் ஒண்ணு வைக்கலாமா?' என்று கேளுங்கள். முருங்கைச் சண்டை இருந்த வீடென்றால் கூடவே நாலு முருங்கைக்காயும் கொண்டு போவது உத்தமம். நட்ட முதல் மாதம் மழை இல்லாத நாளில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வேலையை மட்டும் முறை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர்கள்.