மா

கும்பகோணத்துப் பக்கம் ஒரு விவசாயி ‘மூணு மா நட்டாச்சு’ என்றால் மாங்கன்று வைத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. நாற்று நட்ட நிலத்தின் அளவு அது. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. யாழ்ப்பாணத்துக் கடையில் மா கேட்டால் கோதுமை மாவா, அரிசி மாவா என்பார்கள். பழங்கணக்கில் மா என்பது இருபதில் ஒரு பங்கு. சங்கப் பாட்டிலோ குதிரை, யானை, மாமரம், கருமை என்று இடத்துக்கு இடம் மாறும். நன்னூல் எண்ணிச் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளில் இதுவும் ஒன்று.

எல்லை தாண்டினால் தெலுங்கில் ‘மா’ என்பது ‘எங்கள்’. சம்ஸ்கிருதத்தில் ‘செய்யாதே’ என்று தடுக்கும் சொல். அரபியில் ‘என்ன’ என்ற கேள்வியாகவும் வரும், மறுப்பாகவும் வரும். சீனத்தில் குரலை ஏற்றி இறக்குவதைப் பொறுத்துத் தாய், சணல், குதிரை, திட்டு. பின்னிஷ் மொழியில் நிலம், நாடு.

நம் இதழுக்கு வரும் சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள் இங்கேதான் துள்ளி எழுகின்றன. சீனக் குதிரையும் மா, நம் குதிரையும் மா. பின்லாந்து நிலமும் மா, தஞ்சை நிலமும் மா. ஆகவே எல்லாம் தமிழ்! அந்த ‘ஆகவே’தான் வழுக்குப் பாறை. ஓரெழுத்துச் சொல்லுக்குக் கிடைக்கும் ஒலிவடிவங்கள் எந்த மொழியிலும் கொஞ்சம். மொழிக்கு மொழி அவை முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. பழஞ்சீனத்துக் குதிரைச் சொல்லில் ரகரமும் இருந்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். ஆஸ்திரேலியாவின் ம்பபாரம் மொழியில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மொழி ஆய்வாளர்களான எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் திராவிட மொழிகளின் உறவைக் காட்டியது ஒற்றைச் சொல்லை வைத்தல்ல. வேர்ச்சொற்களையும் இலக்கண உருபுகளையும் வரிசை வரிசையாக அடுக்கினார்கள். அந்தக் கால்டுவெல்லே பின்னிஷ் வரை உறவு தேடிப் போனபோது, பின்வந்த மொழியியலாளர்களில் பெரும்பாலோர் உடன் போகவில்லை.

நம் மா கடல் தாண்டவே இல்லையா? தாண்டியது. மாங்காய், அல்லது அதன் மலையாள வடிவம், போர்த்துகீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆனது. யார் கொண்டுபோனார்கள் என்று அதற்கு வழித்தடம் உண்டு.

கட்டுரை அனுப்பும் நண்பர்களே, ஒலி ஒற்றுமையோடு நிறுத்திவிடாதீர்கள். சொல் வந்த வழியையும் எழுதி அனுப்புங்கள்.