செவ்வு எங்கே இருக்கிறது?

எண்கள் நிஜமாகவே இருப்பவையா, நாம் உண்டாக்கிக்கொண்டவையா? இந்தக் கேள்வியோடு பிளேட்டோவிடம் போகுமுன் காயல்பட்டினத்தின் பழைய முத்து வியாபாரிகளிடம் போகலாம்.

உயர்ந்த முத்துக்கு அவர்கள் விலை வைத்தது எடைக்கு இவ்வளவு என்று அல்ல, செவ்வுக்கு இவ்வளவு என்று. மஞ்சாடிக் கணக்கில் எடை பார்த்து, அதை வர்க்கமாக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு. 4 மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்து 12 செவ்வு. அதே 4 மஞ்சாடிக்கு நாலு முத்து இருந்தால் 3 செவ்வுதான். தராசுக்கு இரண்டும் ஒன்றே. செவ்வை யாரும் தொட்டதில்லை; ஆனால் பணம் அதற்குத்தான் கைமாறியது.

முக்கால் என்பது மனிதர் வைத்த விதி. அரை என்று வைத்திருந்தாலும் வியாபாரம் நடந்திருக்கும். அப்படியானால் செவ்வு வெறும் கற்பனைதானே என்பார்கள். இல்லை. 3 மஞ்சாடியில் ஒரு முத்து, 1 மஞ்சாடியில் ஒரு முத்து. தனித்தனியே பார்த்தால் ஆறேமுக்காலும் முக்காலும் சேர்ந்து ஏழரைச் செவ்வு. ஒன்றாக நிறுத்தால் ஆறுதான். எடை வேறுபட்ட எந்த முத்துகளைச் சேர்த்தாலும் செவ்வு குறையும், ஒருபோதும் கூடாது. இதை எந்த வியாபாரியும் விதிக்கவில்லை. 1821இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி வெளியிட்ட சமனின்மையில் அடங்கும் உண்மை இது. 20 துளை முதல் 1000 துளை வரை பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முத்தை அளவுவாரியாகச் சலித்துப் பிரித்த கடற்கரை இது. பிரிப்பதில் லாபம் உண்டு என்பது செவ்வு விதிக்குள்ளேயே இருந்தது.

கணித உண்மை நமக்கு வெளியே இருக்கிறது, நாம் கண்டுசொல்கிறோம் என்று 1940இல் எழுதினார் ராமானுஜனின் ஆய்வுத் துணைவரான கணிதர் ஹார்டி. காலத்திலும் இடத்திலும் இல்லாத ஒன்றை மனிதன் அறிவது எப்படி என்று 1973இல் கேட்டார் மெய்யியலாளர் பால் பெனசெராஃப். எங்கள் கட்சி இது: விதியை வைப்பது நாம், அதிலிருந்து விளைவது நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டதல்ல. செவ்வை அறிய வேறோர் உலகத்தை எட்டிப்பார்க்க வேண்டியதில்லை, கணக்கைப் போட்டாலே போதும்.

காயல்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ உங்கள் வீட்டுப் பரணில் பழைய முத்துக் கணக்கேடு கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். செவ்வு எழுதிய பக்கங்களைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.